எனக்க பேரு அது இல்ல டீச்சரே

ஜூனில் முதன்முதலாக வகுப்புக்குள் காலெடுத்து வைக்கப் போகிற தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன். பாடக்குறிப்பு எழுதவும் கரும்பலகையைப் பிரித்துக்கொள்ளவும் பி.எட்.டில் சொல்லித் தந்துவிடுகிறார்கள். 174 பிள்ளைகளின் பேரை எப்படி மனதில் ஏற்றுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது பெரிய விஷயம் என்றும் எனக்குத் தெரியவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை பதினோராயிரம் ரூபாய், வீட்டில் சும்மா இருந்த ஐந்து மாதம், அதோடு இன்றுவரை என்னை நிமிர்ந்து பார்க்காத ஒரு பையன்.

எனக்கு ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் பூதப்பாண்டிப் பக்கம். 2022 ஜூனில் மார்த்தாண்டத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் உள்ள ஒரு தனியார் ஆங்கில வழிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாகச் சேர்ந்தேன். காலையில் வடசேரி வந்து அங்கிருந்து மார்த்தாண்டம் பஸ், அப்புறம் இன்னொரு பஸ். போக வரவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாதச் சம்பளம் பதினோராயிரம். ஏழாம் வகுப்பில் இரண்டு பிரிவு, எட்டில் இரண்டு பிரிவு. முதல் நாள் காலையில் அலுவலகத்தில் நான்கு வருகைப் பதிவேட்டையும் கையில் கொடுத்தார்கள். அதற்குப் பத்து நிமிஷத்தில் மணி அடித்துவிட்டது. நான் செய்த முதல் தப்பு அங்கேதான். பதிவேட்டை ஒருமுறைகூடப் புரட்டிப் பார்க்காமல் வகுப்புக்குள் போனேன்.

நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் பிள்ளைகளுக்கு எப்படிப் பேர் வைப்பார்கள் என்பது அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அப்பா பேரில் ஓரெழுத்து, அம்மா பேரில் ஓரெழுத்து எடுத்துச் சேர்த்து, பையன் என்றால் கடைசியில் ‘ன்’, பெண் என்றால் ‘ஷா’. அஜின், அபின், சஜின், ஷிஜின், சிஜின், ஜெபின், லிபின். அபிஷா, அஜிஷா, ஜெனிஷா, ரெனிஷா. கேட்க அழகான பேர்கள்தான். ஒரே வகுப்பில் இப்படிப் பதினேழு பேர் இருந்தால் புதிதாக வந்தவள் என்ன செய்வாள்? பதிவேடு முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருந்தது. எந்தப் பேரில் நெடில், எதில் குறில், சகரமா ஷகரமா, ஒன்றும் பிடிபடவில்லை. நான் வாசிக்க வாசிக்கப் பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. ஞானஸ்நானப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சில பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் வேறு பேர், பள்ளிக்கூடத்திலும் எல்லோருக்கும் அந்த வீட்டுப் பேர்தான் பழக்கம். போதாததற்கு அந்த வருஷம் பாதிப் பிள்ளைகள் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். கண்ணையும் நெற்றியையும் மட்டும் பார்த்து ஆளை நினைவில் வைப்பது லேசில்லை. எல்லோருக்கும் ஒரே சீருடை, ஆகவே சட்டை நிறத்தை வைத்தும் அடையாளம் கொள்ள முடியாது. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எப்போதும் முதுகுப்புறம் திரும்பியே கிடந்தது.

அன்றைக்கே இரண்டாவது தப்பும் நடந்தது. நெருக்கம் வரட்டும் என்று ஒவ்வொருவராக எழுந்து பேர், ஊர், அப்பா என்ன வேலை என்று சொல்லச் சொன்னேன். என்னைப் படிப்பித்த ஆசிரியர்கள் எல்லோரும் முதல் நாளில் அப்படித்தான் கேட்டார்கள். ஏழாம் வகுப்பில் ஜன்னலோரம் இருந்த ஒரு பெண்பிள்ளை எழுந்து பேரைச் சொன்னாள். ஊர் பேர் ‘துறை’ என்று முடிந்தது. அப்பா என்ன வேலை என்று கேட்டேன். “கடலுக்குப் போயிருக்காரு” என்றாள். எப்போது வருவார் என்று அடுத்த கேள்வியையும் கேட்டேன். தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் போனால் கரைக்கு வர ஒரு மாதம்கூட ஆகும் என்று கேள்விப்பட்டிருந்ததால், பேச்சை வளர்க்கத்தான் அப்படிக் கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவள் மெதுவாக, “டீச்சர், ஓக்கியில போனவரு” என்றாள். ஓக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் 30. அப்போது அந்தப் பிள்ளைக்கு ஏழு வயது இருந்திருக்கும். உட்காரம்மா என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அவளாகவே உட்கார்ந்து பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

முதல் நாளில் எல்லோர் முன்னாலும் அப்பா வேலையைக் கேட்கவே கேட்காதீர்கள். ஓக்கி போலப் பெரிய துயரம்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அப்பா விட்டுப்போன வீடு இருக்கும், வளைகுடாவுக்குப் போய்ப் பல வருஷம் ஊர் திரும்பாத அப்பா இருப்பார், குடித்துவிட்டுக் கிடப்பவரும் இருப்பார். ஊர் பேரைக் கேட்பதையும் நான் விட்டுவிட்டேன். நம் மாவட்டத்தில் ஊர் பேரின் கடைசி எழுத்துகளைக் கேட்டாலே மனசு தானாக ஒரு கணக்குப் போடும். துறை என்றால் கடற்கரை, விளை என்றால் இன்னார், கோடு என்றால் இன்னார், அதோடு ஆளின் பேரையும் சேர்த்தால் எந்தக் கோவில், எந்தச் சபை, எந்தச் சாதி என்றுகூட ஊகித்துவிடுவார்கள். முதல் நாளில் நாற்பது பிள்ளைகள் முன்னால் அந்தக் கணக்குக்கு நாம் வழி திறந்துவிட வேண்டியதில்லை.

சரி, பேர் வாயில் வராததால் நான் என்ன செய்தேன் என்றால், ‘மக்களே’ என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். நம்மூரில் அதைவிட இனிப்பான வார்த்தை கிடையாது. பாட்டியும் மக்களே என்பாள், பஸ் கண்டக்டரும் மக்களே என்பார். யாரைப் பார்த்தாலும் “வா மக்களே”, “சொல்லு மக்களே”, “நோட்டை எடு மக்களே”. பிள்ளைகளோடு ஒட்டிப் பழகுவதாக நானே நம்பினேன். ஒரு மாதம் கழிந்தும் எனக்கு முப்பது பேரின் பேர்கூட உறுதியாகத் தெரியாது. தெரிந்தவையெல்லாம் நன்றாகப் படிப்பவர்களின் பேரும் சேட்டை செய்பவர்களின் பேரும்தான். நடுவில் உள்ள கூட்டம் முழுவதும் எனக்கு ‘மக்களே’. அன்பான வார்த்தைதான், ஆனால் பேர் தெரியாததை அது அழகாக மூடிவிடும். புதிதாக வருகிறவர்கள் இதில் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும்.

ஜூலை கடைசியில் அது நடந்தது. எட்டாம் வகுப்பில் நான் கரும்பலகையில் படம் வரைந்துகொண்டிருந்தபோது பின்னால் சத்தம். திரும்பினால் ஒருவன் கையில் இன்னொருவனின் நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். நான் பேரைச் சொல்லி அதட்டினேன். அவன், “எனக்க பேரு அது இல்ல டீச்சரே” என்றான். வகுப்பு சிரித்தது. தப்பிக்கப் பார்க்கிறான், எதிர்த்துப் பேசுகிறான் என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அலுவலகத்தில் இருந்த ஒழுங்குப் பதிவேட்டில் நான் சொன்ன பேரையே எழுதினேன். அவன் சொன்னது உண்மை. நான் எழுதிய பேர் வேறொரு பையனுடையது. இரண்டு பேருக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பிள்ளைகள் என்பதால் அந்தப் பேர்களை இங்கே சொல்லவில்லை. நான் எழுதிய பேருக்குரிய பையன் அந்த நேரம் வகுப்பிலேயே இல்லை, விளையாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தான்.

அலுவலகத்திலிருந்து அவன் வீட்டுக்குப் போன் போயிருக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் அம்மா வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். விடியற்காலையிலேயே போய் மரத்தில் வெட்டிவிட்டு, சிரட்டையில் பால் நிறைந்ததும் எடுத்து ஊற்ற வேண்டும். நேரத்துக்கு எடுக்காவிட்டால் பால் சிரட்டையிலேயே உறைந்துவிடும், உறைந்த பாலுக்கு விலை குறைவு. மழைக்காலத்தில் வெட்டு கிடைப்பதே சில நாள்தான், அப்படிக் கிடைத்த ஒரு நாளைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருந்தார். சேலைத் தலைப்பால் கையைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் இடுக்குகளில் பால் காய்ந்து கருத்துப் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தது. பையன் அதற்கு முன்பே இரண்டு பீரியட் ஆசிரியர் அறைக்கு வெளியே நின்றிருக்கிறான். நான் வெளியே வந்து அவன் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு விளங்கியது. இவனில்லை. நான் பார்த்தது இந்த முகமே இல்லை.

அந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். மறைக்க நினைக்கவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. கைப்பையில் இருந்த 500 ரூபாயை எடுத்து, இன்றைய கூலியாக வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று நீட்டினேன். அவர் வாங்கவில்லை. “காசு வேண்டாம் டீச்சரே. அவனுக்க பேரைச் சரியாட்டுச் சொல்லி, அவன் செய்யேலன்னு கிளாஸ்ல எல்லாரும் கேக்கியது மாதிரி ஒருக்கா சொல்லிப்பிடுங்கோ. அது போதும்” என்றார். நான் அன்றைக்கே வகுப்பில் சொன்னேன். ஆனால் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்ததால் அரை நிமிஷத்தில் அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுப் பாடத்துக்குத் தாவிவிட்டேன். அந்த அவசரத்துக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். நிதானமாக, அவன் பக்கத்தில் போய் நின்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் செய்யவில்லை. அவன் அதற்குப் பிறகு என் பாடவேளையில் வாயே திறக்கவில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான், மேசையைப் பார்ப்பான், உட்கார்ந்துவிடுவான். நோட்டைக் கொடுக்கும்போதும் என்னைப் பார்க்க மாட்டான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டேன். பஸ் அலைச்சல் என்று வீட்டில் காரணம் சொன்னேன். அது பாதிதான் உண்மை. ஆண்டு நடுவில் விலகினால் ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சேரும்போது கையெழுத்துப் போட்டிருந்தேன், அப்படிப் போனதுதான் அந்தப் பதினோராயிரம். ஜனவரியிலிருந்து மே வரை வீட்டில் இருந்தேன். எனக்கு ஆசிரியை வேலையே ஒத்துவராது என்று அந்த ஐந்து மாதமும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படியில்லை, எனக்கு ஒரே ஒரு வேலையைச் செய்யத் தெரியவில்லை, அவ்வளவுதான் என்று புரியவைத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. நான் அழுது முடிக்கும்வரை கேட்டுவிட்டு, “பேரைப் படிச்சியா மோளே? பாடத்தைப் படிச்சிட்டுப் போன மாதிரி பேரைப் படிச்சிட்டுப் போனியா?” என்றார். இல்லை என்றேன்.

2023 ஜூனில் தோவாளைப் பக்கம், வீட்டுக்குக் கிட்டவே வேறொரு பள்ளியில் சேர்ந்தேன். இந்தத் தடவை பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே போய்ப் பேர்ப் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். கேட்டால் தருகிறார்கள், கேட்கத்தான் நமக்குத் தோன்றுவதில்லை. போன வருஷம் அந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பாசிரியையாக இருந்தவரோடு ஒரு டீ குடிக்கிற நேரம் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பேரையும் அவரை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிக்கொண்டேன். எந்தப் பிள்ளைக்கு வீட்டுப் பேர் வேறு, யாருக்குக் கண் சரியாகத் தெரியாது, யார் வீட்டில் எதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பதெல்லாம் அந்த அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. யார் சேட்டைக்காரன், யார் மக்கு என்று அவர் சொல்ல வந்தபோது மட்டும், அதை நானே பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்று தடுத்துவிட்டேன். அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே போனால் அந்தப் பிள்ளையை நாம் பார்க்கவே மாட்டோம்.

சார்ட் அட்டை எட்டு வாங்கி வெட்டினேன், நூறு ரூபாய்க்குள் முடிந்தது. முதல் நாள் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து, கூடாரம் மாதிரி நடுவில் மடித்து, இரண்டு பக்கமும் பேரைத் தமிழில் பெரிதாக எழுதி மேசை மேல் வைக்கச் சொன்னேன். எப்படிக் கூப்பிட்டால் பிடிக்குமோ அந்தப் பேர். இரண்டு பக்கமும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு பக்கம் எனக்கு, பின்பக்கம் அவர்கள் பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்கு. ஒரே வகுப்பில் இரண்டு வருஷம் படித்தும் ஒருவர் பேர் இன்னொருவருக்குத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு இடம் மாறக் கூடாது என்று சொல்லி, நான் ஒரு தாளில் கட்டம் போட்டு யார் எங்கே என்று குறித்துக்கொண்டேன். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு தோழி சொன்னாள். பிள்ளைகளின் படத்தை நம் சொந்த போனில் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டம் போட்ட தாளே போதுமாக இருந்தது.

ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாசின் மறத்தல் வளைகோட்டை நான் பி.எட். தேர்வில் வரைந்து மதிப்பெண் வாங்கியவள். 1885இல் அவர் எழுதி வைத்தது, படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே மறந்துபோகும் என்று. அது நமக்கும் பொருந்தும் என்று முதல் வருஷம் எனக்கு உறைக்கவே இல்லை. இப்போது ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர் மட்டும். பாடவேளை முடிந்த உடனே ஒருமுறை, சாயங்காலம் பஸ்சில் ஒருமுறை, மறுநாள் காலை வகுப்புக்குள் போகும் முன் ஒருமுறை. தாளைத் திரும்பத் திரும்ப வாசிப்பதில் பலன் குறைவு. கட்டத்தைக் கையால் மூடிக்கொண்டு, மூன்றாம் வரிசை ஓரம் யார் என்று முகத்தை நினைத்துப் பேரை வரவழைக்கப் பார்க்க வேண்டும். வராமல் திணறிய பேர்தான், பார்த்துத் திருத்திய பிறகு நன்றாக ஒட்டிக்கொள்கிறது. இதில் இன்னொன்றும் கண்டுகொண்டேன். திரும்பத் திரும்ப எனக்கு வராமல் போன ஐந்தாறு பேரும் நான் அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளைகள். மறுநாள் அவர்களிடம் போய்ப் பேசினால் போதும், பேர் வந்துவிடும்.

எழுந்து நின்று சொல்லும் அறிமுகத்துக்குப் பதிலாக அரைத்தாள் கொடுத்தேன். உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடக் கூடாது, உனக்கு நன்றாக வரும் ஒரு வேலை என்ன, எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஏதாவது உண்டா. நான் மட்டும்தான் வாசிப்பேன் என்று சொல்லி, சொன்னபடியே வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்தேன். “எலின்னு கூப்பிடக் கூடாது” என்று ஒருவன் மூன்று கோடு போட்டு அழுத்தி எழுதியிருந்தான். பிச்சிப்பூ கட்டுவேன், ஒரு மணி நேரத்தில் எத்தனை முழம் என்று ஒருத்தி கணக்கோடு எழுதியிருந்தாள். தோவாளைச் சந்தைக்குப் பூ கட்டிக் கொடுக்கிற வீடு. ஒரு தாளில், “போன வருசம் அறிவியல் டீச்சர் என் பேரை ஒரு தடவை கூடச் சொல்லல” என்று இருந்தது. அது நானில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இவ்வளவும் செய்தும் தப்பு வரும். எனக்கு வந்தது. பேர் வரவில்லையென்றால் ‘மக்களே’ என்று நழுவாமல், “உன் பேர் எனக்கு மறந்துபோச்சு, இன்னொரு தடவை சொல்லும்மா” என்று நேராகக் கேட்டுவிடுகிறேன். எந்தப் பிள்ளையும் கோபித்துக்கொண்டதில்லை. தப்பாகக் கூப்பிட்டு அந்தப் பிள்ளை திருத்தினால் நன்றி சொல்லி, சரியான பேரை உடனே வாய்விட்டுச் சொல்லுங்கள். திருத்திய நோட்டுகளை லீடரிடம் கொடுத்து விநியோகிக்கச் சொல்லாமல், முதல் மாதம் நீங்களே பேர் சொல்லிக் கையில் கொடுங்கள். பத்து நிமிஷம் போகும், போகட்டும். அப்புறம், பேரும் முகமும் நூற்றுக்கு நூறு உறுதியாகத் தெரியும்வரை எந்தப் பிள்ளையின் பேரையும் எந்தப் பதிவேட்டிலும் புகாராக எழுதாதீர்கள். இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கோபத்தில் இருந்தால் அந்தப் பிள்ளையையே தன் பேரை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த வருஷம் ஆகஸ்டில் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண்பிள்ளை வந்து சேர்ந்தாள். நாங்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் பேர் தெரிந்து பழகிவிட்ட பிறகு வந்தவள். மீதமிருந்த சார்ட் அட்டையில் ஒரு துண்டு எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். அவள் பேரை எழுதி மடித்து வைத்துவிட்டு, தன்னிடம் மட்டும் அட்டை இருப்பதைப் பார்த்துக் கூசிப்போய் அதைப் படுக்க வைத்தாள். எலி என்று கூப்பிடக் கூடாது என்று எழுதியவன் எழுந்து அலமாரிக்குப் போனான். ஜூனில் நான் கட்டிப் போட்டிருந்த பழைய அட்டைக் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு மேசையாகப் போய் உரியவர் முன்னால் வைத்துக்கொண்டே வந்தான். தன்னுடையதைக் கடைசியாக வைத்தான், பேர் தெரிகிற பக்கத்தை அவளைப் பார்க்கத் திருப்பி.